சுவருக்கு வாங்கிய டைல்ஸ்

வெள்ளைத் தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியொன்றும் கஷ்டமில்லை. குளித்து முடித்ததும், ஈரம் காய்வதற்குள் ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. கடைசியாகக் குளிப்பவர் துடைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தேன். கடைசியாகக் குளிப்பவன் எப்போதும் நானாகவே இருந்தேன் என்பது வேறு விஷயம்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், ஐயா. கைப்பிடிக் கம்பியைப் பொருத்த டைல்ஸ் மேஸ்திரி வந்தாரா, வரவில்லையா. ஒரு வார்த்தையில் முடிகிற பதில். ஆனால் என் சுபாவம் வேறு. ஒன்று, வாயே திறக்கமாட்டேன். திறந்தால் ஆதியிலிருந்து ஆரம்பிப்பேன். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். மேஸ்திரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இது மூன்றாவது நாள் என்றார்கள். இன்னும் அரை மணி நேரம் உட்காருவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது. பொறுமையான மனிதர்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிப்பேன், லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் வாங்கினவருக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் எதையும் கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பார்த்துப் பழகிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் புத்தகம். பேச்சு குறைவு. வீட்டில் நான், என் மனைவி, இரண்டு வருடமாக அவளுடைய அப்பா. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்ள. மனைவிக்குச் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

எங்கள் குளியலறை, வீடு கட்டின காலத்தது. சுவர் டைல்ஸ், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் எங்கோ வழி தவறிப்போன ஒரு நிறம். மூன்றாவது வரிசையில் ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு மீன். எல்லா மீனும் ஒரே திசையில், ஒரே அலுப்போடு போய்க்கொண்டிருக்கும். பதினெட்டு வருடம் அந்த மீன்களைப் பார்த்தபடி பல் தேய்த்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் ஏழு கொக்கிகள், அவற்றில் நான்கில் என்ன தொங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. தரை சொரசொரப்பான சிமெண்ட். அதன் மூலைகளில் அழுக்கு தன் பேருக்குப் பட்டா வாங்கியிருந்தது. மாமா வந்த பிறகு, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பியும் வந்தது. மனைவி ஆள் வைத்துப் போட்டாள். மேலே வெள்ளி நிறப் பெயிண்ட். பஸ்ஸில் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பி மாதிரியே இருக்கும். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அவர் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, குரல் ஓய்வு பெறவில்லை. தினமும் குளித்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது, "ஏறுறவங்க ஏறலாம்" என்பார். தினமும். இரண்டு வருடம். என் மனைவி ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். என் மேல் அவருக்கு அளவு கடந்த பிரியம். அந்தப் பிரியம் பேச்சாக வெளியே வரும், அவ்வளவுதான். நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எதிரே வந்து உட்காருவார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார். "என்ன மாப்ள, கதையில யாராவது செத்துட்டாங்களா, முகம் இப்படி இருக்கு?" என்பார். பிறகு அவருடைய பஸ்ஸில் ஏறியவர்களின் கதைகள். வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே அறை குளியலறைதான். அதை நான் அழகாக்க ஆசைப்பட்டதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் போனில் வீடியோக்கள் பார்த்தேன். குறைந்த செலவில் பழைய குளியலறையைப் புதுசாக்குவது எப்படி என்று உலகம் முழுக்க ஆட்கள் சொல்லித் தந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நல்ல பல்வரிசை. அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எதையாவது சேர்த்தால் செலவு. எடுத்தால் செலவே இல்லை. கொக்கியை எடு, அலமாரியை எடு, கண்ணில் படுகிற குழாயை எடு, நிறத்தை எடு. மிச்சம் இருப்பது அழகு. சிக்கனமான ஆசாமிக்கு இதைவிட இனிப்பான தத்துவம் வேறு கிடையாது. வாழ்க்கையில் முதல் முறையாக என் கஞ்சத்தனத்துக்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்தது.

டைல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஏதோ ஒரு பெரிய ஹோட்டலுக்குச் செய்து மீந்துபோனது என்று கடைக்காரர் ஒரு லாட்டைக் காட்டினார். தூய வெள்ளை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. சுவருக்கானது. சுவருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே இருந்தது. மொத்தமாக எடுத்தால்தான் அந்த விலை என்றார். எடுத்தேன். மீந்ததைத் தரைக்கே போட்டுவிட்டால் சுவரும் தரையும் ஒரே உடம்பாகிவிடும் என்று கடையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கு முடிவெடுக்க நாள்கணக்கில் ஆகும். அன்றைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை ஒரு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரி பெட்டியைப் பிரித்து ஒரு டைல்ஸின் பின்புறத்தைப் பார்த்தார். அங்கேயே கீழே வைத்தார்.

"சார், இது சுவர் டைல்ஸ். தரைக்கு ஆகாது."

தெரியும் என்றேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று விளக்கினேன். வீடியோவில் கேட்ட வார்த்தைகள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

"பெருசாத்தான் சார் தெரியும். கீழ விழுந்து கிடந்து பார்த்தா இன்னும் பெருசா தெரியும்."

மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டிலும் தரைக்கு டைல்ஸ் போடும் முன் அந்த வீட்டு ஆளை ஒரு டைல்ஸ் மேல் ஏறி நிற்கச் சொல்வார். நின்று பார்க்காத வீட்டில் வேலை செய்யமாட்டாராம். ஒரு டைல்ஸை ஈர மணலில் அமுக்கி வைத்தார். ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். "என் தோளைப் பிடிச்சுக்கங்க, வெக்கப்படாதீங்க" என்றார். நான் பிடித்துக்கொள்ளாமல் ஏறினேன். வலது கால் என்னிடம் சொல்லாமலே கிளம்பிப் போய்விட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டதால் நான் இங்கே இருக்கிறேன்.

"உங்களுக்கு என்ன வயசு சார்?"

நாற்பத்தெட்டு.

"பெரியவருக்கு?"

எழுபத்தாறு என்றேன். அவர் மணலிலிருந்து டைல்ஸை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு நிபந்தனை போட்டார். சுவரில் ரெண்டு கம்பி போட வேண்டும், தரையில் ரப்பர் மேட் கட்டாயம் இருக்க வேண்டும், இதற்குச் சரி என்றால் வேலை எடுக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நான் சரி என்றேன். அப்படிச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

வேலை அருமையாக வந்தது. ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவிலிருந்து அசையாது. இடுக்குகள் நூல் பிடித்த மாதிரி. பழைய கம்பியைக் கழற்றி எடுத்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். சுவர் முடிந்ததும், புதுக் கம்பிகளுக்கு உறுதியான செங்கல் இருக்கிற இடம் பார்த்து, மேஸ்திரி பென்சிலால் நான்கு பெருக்கல் குறிகள் போட்டார். ஒட்டியது இறுகப் பத்து நாள் ஆகும், பிறகு வந்து ஓட்டை போட்டு மாட்டித் தருகிறேன், இதற்குக் கூலி வேண்டாம் என்றார்.

மேஸ்திரி வந்தாரா என்று கேட்டீர்கள். வந்தார். மூன்று முறை வந்தார்.

முதல் முறை, இன்னும் சரியாகக் காயவில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். அவருடைய தொழிலை அவருக்கே கற்றுக்கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை, வீட்டில் விருந்தாளி என்றேன். மூன்றாவது முறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கையில் டிரில்லிங் மெஷின், மறு கையில் பளபளவென்று இரண்டு கம்பிகள், அவரே வாங்கி வந்தது. மணி அடித்தார். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். நான்கு முறை அடித்தார். மாமா அப்போது மாலை நடைக்குப் போயிருந்தார். வாசலில் கால் துடைக்கிற சத்தம்கூடக் கேட்டது. கதவு திறக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "மேஸ்திரி இன்னைக்காவது வந்தாரா?"

"வரலை. போனும் எடுக்கலை."

"வேலை முடியற வரைக்கும் தேனா பேசினாரு. இப்படிப்பட்ட ஆளா?"

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதை நான் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுநாள் பென்சில் குறிகளைத் துடைத்துவிட்டேன். நான்கு இடம். சுவரில் ஓட்டை போடுவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை, ஐயா. லென்ஸில் கீறல் விழுவதை ஒரு முறை பார்த்தவர்களுக்குப் புரியும்.

மாமா முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது பாத்ரூமா, பல் டாக்டர் கிளினிக்கா?" என்றார். அந்த வாரமே அவர் அதற்கு விளம்பரக்காரர் ஆகிவிட்டார். மீட்டர் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். "சுவத்துல ஒரு ஆணி இருக்கா பாருங்க. எங்க மாப்ள ஐடியா." மீட்டர்காரர் அவசரமாகத் தலையாட்டிவிட்டு ஓடினார். நான் உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கம்பி இல்லாததால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டார். அவர் குளித்துவிட்டு வந்த பிறகு பார்த்தால், வெள்ளைச் சுவரில் அவருடைய உள்ளங்கைகள் வரிசையாகப் பதிந்திருக்கும். எல்லாம் ஒரே உயரத்தில். கம்பி இருந்திருக்க வேண்டிய உயரத்தில். நான் தினமும் துடைத்தேன்.

மேட் விஷயத்தில் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. சாக்லேட் நிறத்தில், அடியில் தரையைக் கவ்வும் உறிஞ்சிகள் வைத்த பெரிய ரப்பர் மேட் ஒன்றை வாங்கி வந்தாள். அந்த அறையில் அது எப்படி இருந்தது என்றால், வெள்ளைச் சட்டை மேல் குழம்பு கொட்டின மாதிரி. நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. மாமா கவனித்துவிட்டார். அதன் பிறகு, குளித்து முடித்ததும் மேட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார். "எங்க மாப்ள கண்ணுல படாம இருக்கட்டும்" என்பார். திரும்பவும் விரிக்க முழங்கால் ஒத்துழைக்காது. அதை நான்தான் செய்ய வேண்டும். அடுத்த மாதம் நானே ஒரு வெள்ளை மேட் வாங்கினேன். பழுப்பில் அழுக்குத் தெரியாது, வெள்ளையில் தெரியும், சுகாதாரம் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்பாவுக்குக் கண்ணுக்குத் தெரியணுமேன்னுதான் அந்தக் கலர்ல வாங்கினேன்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். நான் சுகாதாரத்தை இன்னொரு முறை சொன்னேன். சரி என்றாள்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமாவின் கண்ணாடி நான் செய்தது. அவருடைய பவர் எனக்கு மனப்பாடம், அவருடைய பிறந்த நாள் தெரியாது. கண்ணாடியைக் கதவுக்கு வெளியே இருக்கிற பலகையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போவார். கண்ணாடி இல்லாமல், நீட்டிய கைக்கு அப்பால் அவருக்கு எல்லாம் புகை. பழைய டியூப் லைட்டை வேறு எடுத்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் மறைவாக எரிகிற மெல்லிய விளக்கு போட்டிருந்தேன். வெள்ளைத் தரையில் வெள்ளை மேட் இருக்கிறதா இல்லையா என்று அந்த வெளிச்சத்தில் அவரால் சொல்ல முடியாது. இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை. வெள்ளை மேட்டுக்குக் காசு கொடுக்கும்போதே தெரியும். ஆனால் தெரிந்திருப்பதும் நினைத்துப் பார்ப்பதும் ஒன்றில்லை அல்லவா.

போனில் ஒரு பக்கம் இருக்கிறது. பழைய அறைகளைப் புதுப்பித்தவர்கள் முன்னும் பின்னும் படம் போடுவார்கள். நானும் போட்டேன். நாற்பத்தெட்டு வயதில், பேச்சே பிடிக்காத ஒருவன், முகம் தெரியாத முந்நூறு பேர் என்ன சொல்வார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் கண் பரிசோதனைக்கு வந்த ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டே பார்த்தேன். அவர் கடைசி வரியைத் தப்பாகப் படித்ததை நான் கவனிக்கவே இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: அந்த மேட்டை எடுத்துட்டா அப்படியே ஹோட்டல். அதற்கு நூற்றுப் பதினான்கு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம் போலச் சொன்னாள். "அப்பா குளிக்கும்போது வீட்லயே இருங்க. மேட் இருக்கான்னு பாருங்க." இருந்தேன். பத்து மணி சுமாருக்கு, அந்த அறையில் வெளிச்சம் நன்றாக விழும். மேட்டை எடுத்துவிட்டு, தரையைத் துடைத்து, படம் எடுத்தேன். பத்து ஏழுக்குக் கடைசிப் படம். என் போன் உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். நன்றாக வந்திருக்கிறது.

மேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மாமா தோளில் துண்டோடு எதிரே வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பலகையில் வைத்தார்.

"என்ன மாப்ள, போட்டோவா? சொல்லியிருந்தா நானும் நின்னிருப்பேன்ல."

நான் சிரித்தேன். மேட் என் கையில்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால்கூட இல்லை, பக்கத்தில். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கவனம் என் இன்னொரு கையிலிருந்த போனில் இருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்; தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. குழாய் திறந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மாமா' என்றால் போதும். சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் மேட் இல்லாத அந்த அறையை முதல் முறையாக ஒருவர் பயன்படுத்துகிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. அறை எதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த மாதிரி. நான் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. மக் உருண்டு போய் எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றது. பிறகு மாமாவின் குரல்.

"மாப்ள."

கத்தவில்லை. அவருடைய வழக்கமான குரலைவிடக் குறைவுதான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "மாப்ள, இங்க கொஞ்சம் வாங்க." வெகு நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறை கூப்பிட்டார். அது பாதியில் நின்றுவிட்டது.

என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள், இவர் புத்தகத்தை எடுத்தால் வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது என்று. அது உண்மையில்லை. எல்லாம் கேட்கும். எப்போதுமே கேட்டிருக்கிறது.

நான் ஏன் எழுந்து போகவில்லை என்பதை என்னால் சரியாக விளக்க முடியும், ஐயா. அதனால்தான் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன். அவர் குரலை வைத்து, இடுப்பில் அடிபட்டிருக்கும் என்று யூகித்தேன். வயதானவர்களுக்கு அதுதான் முதலில் உடையும். எங்கள் கடைக்கு அடுத்த கடையில் நோயாளிகளுக்கான சாமான்கள் விற்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். இடுப்பெலும்பு முறிந்தவர் வீட்டுக்குத் திரும்பி வந்தால் என்னென்ன வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். கம்பி ஒன்றல்ல, நான்கு. சுவரில் மடக்குகிற பிளாஸ்டிக் இருக்கை. டாய்லெட்டுக்கு மேலே உயரம் கூட்டுகிற வளையம், அதுவும் நீல நிறத்தில். தரை முழுக்கப் பச்சை ரப்பர். மீன்களையே விட்டிருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிடும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நேரம் ஆனது. நடுநடுவே படிக்கவும் செய்தேன். நான்கு பக்கம். நல்ல பகுதி.

ஆம்புலன்சுக்கு நான் போன் செய்தது பத்து நாற்பத்தொன்றுக்கு. அதற்கு முன் உள்ளே போய், மேட்டை நனைத்து, அவருடைய காலுக்குக் கீழே ஒரு முனை மடங்கியிருக்கிற மாதிரி விரித்தேன். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. ஆனால் நான் வாசற்பக்கமாகவே நின்றேன். அந்தத் தூரத்தில் அவருக்கு நான் ஒரு நிழல்தான். இதை என் தொழிலை வைத்து உறுதியாகச் சொல்வேன். தலையில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் அதை ஆறுதலாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. மனைவி ஆஸ்பத்திரி சுவரில் சாய்ந்துகொண்டு, "வெள்ளை மேட்டுக்கு நான்தானே சரின்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

மனைவியின் தம்பி வெளியூரிலிருந்து வந்து அறையைப் பார்த்தான். தரையில் சுவர் டைல்ஸ் என்று அவன்தான் கண்டுபிடித்தான். கம்பி எங்கே என்று கேட்டான். "மேஸ்திரி வரேன்னு சொல்லி வரவே இல்லடா" என்று அக்கா சொன்னாள். அவளுக்கு நான் சொன்னது அதுதானே. மறுநாள் அவன் இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்துவிட்டான். மூன்று முறை போனேன் என்று மேஸ்திரி சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்புகிற மாதிரி சாட்சி நான் ஒருத்தன்தான். முதலில் என்னை யாரும் கேட்கவில்லை. பிறகு, அவர் வரவே இல்லையா என்று கேட்டபோது தலையை ஆட்டினேன்.

இப்போது உள்ளே வரும்போது அவரைப் பெஞ்சில் பார்த்தேன். எழுந்து நின்றார். வேலை எதுவும் ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றார். பிறகு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். வந்தேன்னு. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். நான் நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, "இடுக்கெல்லாம் வெடிக்காம இருக்கா?" என்று கேட்டார். ஒரு கீறல்கூட இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. தொழில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டால் அப்படித்தான்.

அந்த மனிதரை நினைத்துத்தான் இதையெல்லாம் சொல்ல முடிவு செய்தேன். ஒரு நிரபராதி என்னால் தண்டனை அனுபவிப்பதை என் மனசாட்சி ஏற்கவில்லை. எனக்கு இதனால் என்ன ஆகும் என்று தெரியும். பரவாயில்லை. மேட் என் கையில் இருந்தது. அவர் கூப்பிட்டது கேட்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் நான் போகவில்லை. போகக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். இதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மேஸ்திரி கலவையில் ஏதாவது குறை வைத்தாரா என்று சோதிக்க நாளைக் காலை ஆட்கள் வந்து தரையை உடைத்து எடுக்கப்போகிறார்கள் என்று நேற்று போனில் சொன்னீர்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு அதற்கு அவசியம் இருக்காது இல்லையா, ஐயா. அந்த லாட் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.